மருந்தின் நான்காவது கூறு

(தில்லியில் வாழும் தமிழ்த் தோழர்களுக்கான கட்சிக் கல்வி வகுப்பில், ‘குழந்தைகள் நலமும் அறிவியலும்’ என்னும் பொருளில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)

இன்றைய வகுப்புக்கு எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள் மிகப் பெரியது. நான் மருத்துவர் அல்லேன். தமிழ் படித்துவிட்டுக் கட்சி ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் பணியில் காலம் கழித்தவன். ஆகவே உலகெங்கும் குழந்தைகளின் உயிர் காக்க உழைத்த ஆராய்ச்சியாளர்கள் அனைவரையும் பற்றிப் பேச முற்படாமல், ஒரே ஒரு மருந்தின் வரலாற்றை மட்டும் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அந்த வரலாறு நம் நாட்டு மண்ணிலும் அண்டை நாட்டு மண்ணிலும் நிகழ்ந்தது. அதில் நமக்குப் பெருமை உண்டு, பாடமும் உண்டு.

அந்த மருந்து நீங்கள் அனைவரும் அறிந்ததே. உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர். மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். 1980களின் தொடக்கத்தில், உலகில் ஆண்டுதோறும் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஐந்து வயது நிரம்புமுன் வயிற்றுப்போக்கால் இறந்தனர் என மதிப்பிடப்பட்டது. இன்று அந்த எண்ணிக்கை ஐந்து லட்சத்துக்குக் கீழே இறங்கியுள்ளது. குடிநீர், கழிப்பறை, ஊட்டம், தாயின் கல்வி, தடுப்பூசி எனப் பல காரணங்கள் சேர்ந்தே இந்த மாற்றத்தைக் கொணர்ந்தன. எனினும் இந்தக் கரைசல் மட்டுமே ஐந்து கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்திருக்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. ‘லான்செட்’ மருத்துவ இதழ் 1978இல், இந்தக் கரைசலின் பின்னுள்ள கண்டுபிடிப்பு இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக அமையக்கூடும் என்று தலையங்கம் எழுதியது.

திருக்குறளில் ‘மருந்து’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர் ஒருவர், நோயைத் தீர்ப்பவர் ஒருவர், மருந்து ஒன்று, அருகிலிருந்து அந்த மருந்தை அளிப்பவர் ஒருவர். நாம் எழுதும் மருத்துவ வரலாறுகளில் மருத்துவரும் மருந்தும் இடம்பெறுகின்றனர். நோயாளி எண்ணிக்கையாக இடம்பெறுகிறார். நான்காமவர் பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை. இந்தக் கரைசலின் வரலாறோ அந்த நான்காமவர் இல்லாமல் நடந்திருக்கவே முடியாது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு கேளுங்கள்.

தண்ணீர் மறுக்கப்பட்ட காலம்

வாந்திபேதி என்றும் விஷபேதி என்றும் நம் முன்னோர் அஞ்சிய காலரா, 1817இல் வங்கக் கழிமுகப் பகுதியிலிருந்து புறப்பட்டு, வணிகக் கப்பல்களின் வழியாகவும் பிரிட்டிஷ் படைகளின் வழியாகவும் உலகைச் சுற்றியது. ‘பேதியில் போக’ என்னும் வசை இன்றும் நம் ஊர்களில் வழங்குவது அந்த அச்சத்தின் எச்சமே. அந்த நோய் கொல்வது எப்படி? கிருமி உறுப்புகளைத் தின்பதால் அன்று. உடலின் நீரும் உப்பும் சில மணி நேரத்தில் வெளியேறிவிடுவதால்தான். காலராவுக்கு மட்டுமன்று, குழந்தைகளைத் தாக்கும் கடுமையான நீர்த்த வயிற்றுப்போக்குகள் பலவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

இழந்த நீரைத் திரும்பக் கொடுத்தால் நோயாளி பிழைப்பார் என்பது 1832இலேயே தெரிந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர், உப்பு நீரை நரம்பின் வழியே செலுத்தி, இறக்கும் நிலையில் இருந்த சிலரை எழுப்பினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். ஆனால் அதற்குக் கிருமி நீக்கிய நீர் வேண்டும், கண்ணாடிக் குப்பி வேண்டும், ஊசி வேண்டும், பயின்ற கை வேண்டும். குடிசையில் கிடக்கும் குழந்தைக்கு இவை எங்கிருந்து கிடைக்கும்?

அப்படியானால் வாய்வழியாகவே கொடுத்தால் என்ன? குடல் கெட்டிருக்கும்போது நீர் கொடுத்தால் போக்கு அதிகமாகும், ஆகவே வயிற்றுக்கு ஓய்வு தரவேண்டும் என்பதே அன்றைய மருத்துவம் போதித்த பாடம். நம் பாட்டிமார்களும் அதையே சொன்னார்கள். பேராசிரியரும் பாட்டியும் ஒருமித்த குரலில் தவறு செய்த இடம் அது.

இங்கே என் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல அனுமதியுங்கள். நான் பிறப்பதற்கு முன், 1969இல், என் அண்ணன் ஒன்றரை வயதில் வயிற்றுப்போக்கு கண்டு இறந்துபோனான். தண்ணீர் தண்ணீர் என்று இரண்டு நாள் அழுதானாம். கொடுக்கக்கூடாது என்று வீட்டார் சொன்னார்கள். டவுனில் பார்த்த வைத்தியரும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் அழுவதற்குக் கண்ணில் நீர் இல்லை. பிள்ளை கேட்ட தண்ணீரைக் கொடுக்கவில்லையே என்பதை என் அம்மா தன் எண்பதாவது வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று நான் சொல்லப்போகும் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சேறியது 1968 ஆகஸ்டில். அந்தச் செய்தி எங்கள் ஊரை வந்தடையவில்லை. அறிவு கண்டுபிடிக்கப்படுவது வேறு, அது மக்களைச் சென்றடைவது வேறு என்பதை நான் எந்த நூலிலும் கற்கவில்லை.

கல்கத்தா, பிராகா, டாக்கா

ஒரு கண்டுபிடிப்பை ஒரு மேதையின் தலையில் ஏற்றிக் கூறுவது முதலாளித்துவ வரலாற்றெழுத்தின் வழக்கம். இந்தக் கரைசலுக்கோ பல ஊர்களில் பலர் உழைத்தனர்.

1953இல் கல்கத்தாவின் ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி, காலரா கண்ட 186 பேருக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் குணப்படுத்தியதாக ‘லான்செட்’ இதழில் எழுதினார். வாந்தியை நிறுத்த அவர் கற்பூரவல்லி இலைச் சாற்றையும் பயன்படுத்தினார். உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. குடியேற்ற நாட்டு மருத்துவர் என்ற அலட்சியம் அதில் இருந்திருக்கலாம். ஆனால் அதை மட்டும் காரணமாகக் கூறினால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம். அவர் சேர்த்தவர்கள் கடும் நிலையில் இல்லாதவர்கள்; ஒப்பிட்டு நோக்க வேறொரு குழு இல்லை; உடலில் புகுந்த நீர் எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு என்ற கணக்கும் இல்லை; ஏன் குணமானது என்ற விளக்கமும் இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு உலகம் நெய்க்கு அலைந்தது உண்மை. அது வெண்ணெய்தான் என்று நிறுவும் சான்று அப்போது முழுமையாக இல்லை என்பதும் உண்மை.

அந்த விளக்கத்தின் முதற்பகுதியும் கல்கத்தாவிலிருந்தே வந்தது. சம்பு நாத் டே என்னும் நோயியல் அறிஞர், காலராக் கிருமியை வடிகட்டி நீக்கிய திரவமே முயலின் குடலில் நீரைச் சுரக்கச் செய்கிறது என்று 1959இல் ‘நேச்சர்’ இதழில் மெய்ப்பித்தார். அதாவது கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு குடலை நீர் கொட்டச் செய்கிறது. குடலின் உட்சுவர் உரிந்து அழிகிறது என்ற பழைய கருத்து இதனால் ஆட்டம் கண்டது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் இவரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தார். நம் நாட்டின் அறிவியல் கழகங்களோ 1985இல் அவர் இறக்கும்வரை அவரை உறுப்பினராகக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை.

இரண்டாம் பகுதி 1960 ஆகஸ்டில், அன்று சோசலிச நாடாக இருந்த செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகாவில் நடந்த அறிவியல் மாநாட்டில் வெளிப்பட்டது. ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க உயிர்வேதியியலர், குடற்சுவரில் குளுக்கோசும் சோடியமும் ஒன்றையொன்று கைப்பற்றிக்கொண்டே உள்ளே நுழைகின்றன என்னும் கருத்தை முன்வைத்தார். இந்த வாயிலைக் காலரா நஞ்சு அடைப்பதில்லை. உப்பு நீரை மட்டும் கொடுத்தால் குடல் ஏற்காமல் வெளியேற்றும். அதில் உரிய அளவு குளுக்கோசைச் சேர்த்தால், குளுக்கோஸ் சோடியத்தை இழுத்துச் செல்லும். சோடியத்தின் பின்னே நீர் செல்லும். சர்க்கரை இங்கே சுவைக்காகவோ வலுவுக்காகவோ சேர்க்கப்படுவதன்று. உப்பை உள்ளே ஏற்றும் கருவி அது. அதனால்தான் அளவு முக்கியமாகிறது. சர்க்கரை மிகுந்தால் அதுவே உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும்.

மூன்றாம் இடம் டாக்கா. அங்கே 1960இல் நிறுவப்பட்ட காலரா ஆராய்ச்சிக் கூடத்தின் பெயரிலேயே ‘சீட்டோ’ இருந்தது. ஆம் தோழர்களே, கம்யூனிசத்தைத் தடுப்பதற்காக அமெரிக்கா தென்கிழக்கு ஆசியாவில் அமைத்த அதே இராணுவக் கூட்டணிதான். காலரா பரவும் நாடுகளில் போரிட நேரும் தன் படைவீரர்களைப் பற்றிய கவலையும் அமெரிக்காவுக்கு இருந்தது. அந்தக் கூடத்தில்தான் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்னும் இரு இளம் அமெரிக்க மருத்துவர்கள், ரஃபிகுல் இஸ்லாம், மஜித் மொல்லா ஆகிய வங்க மருத்துவர்களுடன் சேர்ந்து, நோயாளி இழக்கும் நீரை மணிக்கு மணி அளந்து அதே அளவுக் கரைசலை வாய்வழியே கொடுத்துப் பார்த்தனர். நரம்புவழி நீரின் தேவை ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்தது. 1968 ஆகஸ்டில் வெளிவந்த கட்டுரை இதுதான். ஏறத்தாழ அதே காலத்தில் கல்கத்தாவில் இருந்த குழுவும் இதே முடிவை எட்டியது.

ஏகாதிபத்தியத்தின் பணத்தில் நடந்த ஆய்வு என்பதால் இதை நாம் ஒதுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அறிவியல் உண்மைக்கு வர்க்கம் இல்லை. அந்த உண்மை எதற்காகத் தேடப்பட்டது, யார் கையில் சேர்ந்தது, யாருக்கு எட்டாமல் போனது என்ற கேள்விகளுக்கு வர்க்கம் உண்டு.

பன்காவ், 1971

1971இல் கிழக்கு பாகிஸ்தானில் இராணுவம் கட்டவிழ்த்த படுகொலைகளிலிருந்து தப்பி ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் வந்தனர். எல்லையோர நகரான பன்காவில் மழைக்காலத்தில் காலரா மூண்டது. கல்கத்தாவிலிருந்து அங்கே அனுப்பப்பட்டவர் திலீப் மகலானபிஸ். அவரே கிழக்கு வங்கத்தின் கிஷோர்கஞ்சில் பிறந்த குழந்தைநல மருத்துவர். மருத்துவமனையின் இரண்டு அறைகளில் நோயாளிகள் தரையில் கிடந்தனர். அவர்களுக்கு ஊசி ஏற்ற, மலமும் வாந்தியும் பரவிய தரையில் மண்டியிட வேண்டியிருந்தது என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். நரம்புவழி நீர் போதவில்லை. அதைச் செலுத்தப் பயின்றவர்கள் அவர் குழுவில் இருவரே.

அவர் ஒரு முடிவெடுத்தார். கல்கத்தா ஆராய்ச்சி மையத்தின் நூலக அறையைப் பொட்டலம் கட்டும் இடமாக மாற்றினர். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. பாலிதீன் பைகளில் இட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினர். லிட்டருக்கு ஆன செலவு 11 காசு. முகாமில் பெரிய பீப்பாய்களில் கரைத்துக் குழாய் பொருத்தி வைத்தனர். குழாயைத் திறந்து குவளையில் பிடித்து நோயாளிக்குக் கொடுத்தவர்கள் யார்? தாய்மார்கள், தந்தையர்கள், உடன்பிறந்தோர், அண்டைக் கூடாரத்தார். அதுவரை கட்டுப்பாடான மருத்துவமனைச் சூழலில், மணிக்கணக்கில் அளந்து பார்த்தே கொடுக்கப்பட்ட ஒன்றை, எழுத்தறிவற்ற அகதிகளின் கையில் ஒப்படைத்தார் மகலானபிஸ். அது அன்றைய மருத்துவ மரபை மீறிய செயல்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் என்னை ஈர்த்த செய்தி ஒன்று உண்டு. ‘சலைன்’ ஏற்றினால்தான் பிழைக்கலாம் என்று மக்களும் பணியாளர்களும் நம்பினார்கள். ஆகவே அவர் இதற்கு ‘வாய்வழி சலைன்’ என்று பெயரிட்டார். புதியதை மக்கள் ஏற்க, அவர்கள் நம்பும் சொல்லிலேயே அதைச் சொன்னார்.

எட்டு வார காலத்தில் 3,700க்கும் மேற்பட்ட நோயாளிகள் அங்கே பார்க்கப்பட்டனர். இறந்தவர்கள் 3.6 சதவீதம். அதற்கு முன் அகதி முகாம்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்தனர். இந்த முடிவை வெளியிடுவதே எளிதாக இருக்கவில்லை. 1973இல் கட்டுரை அச்சேறியது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் திமன் பருவா முகாமை நேரில் பார்த்தவர் என்பதால், அந்த நிறுவனத்துக்குள் இதற்காக வாதாடினார். யாரும் இதற்குக் காப்புரிமை பெறவில்லை. மகலானபிஸ் 2022 அக்டோபரில் மறைந்தார். பத்ம விபூஷண் விருது அவர் இறந்த பிறகே, 2023இல், அறிவிக்கப்பட்டது.

மூன்று விரல் உப்பு, ஒரு பிடி வெல்லம்

விடுதலை பெற்ற வங்கதேசத்தில் பொட்டலம் எல்லாக் கிராமங்களுக்கும் எட்டவில்லை. ஆகவே ‘பிராக்’ என்னும் தொண்டு அமைப்பு, வீட்டிலிருப்பதைக் கொண்டே கரைசல் செய்யத் தாய்மார்களுக்குக் கற்பிக்கத் தீர்மானித்தது. மூன்று விரலால் எடுக்கும் உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. விரலையே அளவுகோலாக்கினார்கள் அவர்கள். 1980 முதல் பத்தாண்டுகளில் கிராமத்துப் பெண்கள் வீடு வீடாக நடந்து, ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இதைக் கற்பித்தனர்.

இந்த இயக்கம் முதலில் தடுமாறியது. தாய்மார்கள் கற்றார்கள், ஆனால் பயன்படுத்தவில்லை. ஏன் என்று விசாரித்தபோது, கற்பித்த பணியாளர்களே தமக்குப் போக்கு கண்டபோது அதைக் குடிக்கவில்லை என்பது தெரியவந்தது. அவர்களுக்கே நம்பிக்கை இல்லை! பிறகு அவர்களுக்கு அதன் அறிவியல் விளக்கப்பட்டது. தமக்கே பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார்கள். தாய்மார்களிடம் மட்டும் பேசி ஆண்களை விட்டுவிட்டதும் ஒரு தவறு என்று உணர்ந்து, சந்தைகளிலும் மசூதிகளிலும் ஆண்களிடமும் பேசினார்கள். தோழர்களே, பிரச்சாரப் பணி செய்யும் நமக்கு இதைவிடச் சிறந்த பாடம் தேவையா? தான் நம்பாததைப் பிறரை நம்பவைக்க எவராலும் இயலாது.

எழுத்தறிவு இயக்க நாட்களில் எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. நலவாழ்வுக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும்போது, ‘வாய்வழி நீரிழப்பு மீட்புச் சிகிச்சை’ என்று எழுதிப் பெருமையோடு நின்றேன். கைத்தறித் தொழிலாளியான மூத்த தோழர் ஒருவர் படித்துவிட்டு, “இதை மனப்பாடம் செய்வதற்குள் பிள்ளை செத்துப்போகும். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் என்று எழுதுங்கள்” என்றார். திருத்தி எழுதினேன்.

பொட்டலம் போதுமா?

சென்ற வகுப்பில் ஓர் இளம் தோழர் கேட்ட கேள்வி இங்கே பொருந்தும். குடிநீர்க் குழாயும் கழிவுநீர் வடிகாலும் கேட்டுப் போராட வேண்டிய நாம், பொட்டலத்தைப் பாராட்டுவது சீர்திருத்தவாதம் ஆகாதா என்றார். இது வெறும் கேள்வியன்று. உலக அளவில் நடந்த போராட்டம்.

1978 செப்டம்பரில் சோவியத் கசக்ஸ்தானின் அல்மா அட்டாவில் 134 நாடுகள் கூடி, 2000ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்னும் இலக்கை ஏற்றன. உணவு, பாதுகாப்பான நீர், துப்புரவு, கல்வி, மக்களின் பங்கேற்பு ஆகியவை அனைத்தும் நலவாழ்வின் அடிப்படை என்றது அந்தப் பிரகடனம். ஓராண்டுக்குள் அதற்கு எதிர்வாதம் எழுந்தது. இவ்வளவையும் செய்யப் பணம் இல்லை, ஆகவே குறைந்த செலவில் நிறைந்த பலன் தரும் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்வோம் என்றனர். குழந்தையின் வளர்ச்சியைக் கண்காணித்தல், உப்புச் சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி ஆகிய நான்கும் முன்னிறுத்தப்பட்டன. 1980களில் யூனிசெஃப் இதையே பேரியக்கமாக்கியது. அதனால் லட்சக்கணக்கான குழந்தைகள் பிழைத்தனர் என்பதை மறுக்கலாகாது. அதே பத்தாண்டில்தான் கடன்பட்ட நாடுகளின் மருத்துவமனைகளில் கட்டணம் வசூலிக்க உலக வங்கி வலியுறுத்தியது என்பதையும் மறக்கலாகாது. டேவிட் வெர்னரும் டேவிட் சாண்டர்சும் 1997இல் ஒரு நூலே எழுதி, இந்தக் கரைசலின் அரசியலை ஆராய்ந்தனர். வீட்டில் செய்யும் நீரிலிருந்து கடையில் வாங்கும் பொட்டலத்துக்கு ஏழைத் தாயைத் தள்ளியது எது என்பது அவர்கள் எழுப்பிய கேள்விகளுள் ஒன்று.

1991இல் பெரு நாட்டைக் காலரா தாக்கியபோது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இறந்தோர் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கரைசல் அவர்களைக் காத்தது. ஆனால் அத்தனை பேரை நோயில் தள்ளியது எது? குடிநீரும் வடிகாலும் கவனிப்பாரற்றுக் கிடந்த நகரங்கள். ஆக, அந்தத் தோழருக்கு என் விடை இது. பொட்டலம் இன்றிரவு குழந்தையைக் காக்கும். குழாய் அடுத்த ஆண்டும் அது நோயுறாமல் காக்கும். இன்றிரவு சாகும் குழந்தையிடம் குழாய் வரும்வரை பொறு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. பொட்டலம் கொடுத்துவிட்டோம், குழாய் எதற்கு என்று சொல்ல அரசுக்கும் உரிமை இல்லை.

வேலூரும் தடுப்பூசியும்

குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு முதன்மைக் காரணமான ரோட்டா வைரசை 1973இல் மெல்பர்னில் ரூத் பிஷப்பும் உடன் பணியாற்றியோரும் கண்டறிந்தனர். 1980களில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், பிறந்த குழந்தைகள் சிலரிடம் நோய் உண்டாக்காத ஒரு ரோட்டா வைரஸ் வகை இருப்பதையும், அக்குழந்தைகளுக்குப் பின்னர் பாதுகாப்பு கிடைப்பதையும் மகராஜ் கிஷன் பான் குழுவினர் கவனித்தனர். அந்த வகையிலிருந்தே ‘ரோட்டாவேக்’ என்னும் இந்தியத் தடுப்பு மருந்து உருவானது. தில்லி, புணே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் இறுதிக்கட்ட ஆய்வு நடந்தது. வேலூர்ப் பகுதி ஏழைக் குடியிருப்புகளின் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஆய்ந்த ககன்தீப் காங் இத்துறையில் உலகப் புகழ் பெற்றவர். 2016இல் இம்மருந்து அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. பொதுப்பணமும் பொது நிறுவனங்களும் வெளிநாட்டு நிதியும் தனியார் உற்பத்தியும் இதில் கலந்திருந்தன. எனினும் ஒரு தவணை ஒரு டாலர் என்ற அளவில் விலை முன்கூட்டியே பேசப்பட்டதுதான் ஏழை நாடுகளுக்கு இதை எட்டச் செய்தது.

இதிலும் ஓர் உண்மை உண்டு. கடும் நோயைத் தடுப்பதில் இம்மருந்தின் திறன் ஏறத்தாழ 55 சதவீதம். பன்னாட்டு நிறுவனங்களின் ரோட்டா மருந்துகளும் பணக்கார நாடுகளில் தரும் பாதுகாப்பை ஏழை நாடுகளில் தருவதில்லை. சத்துக்குறைவும் இடைவிடாத குடல் தொற்றும் இதற்குக் காரணங்களாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். வறுமை நோயைத் தருவதோடு நில்லாமல், மருந்தின் வலுவையும் குறைக்கிறது.

இன்றைய சவால்கள்

முதல் சவால், வணிகம். உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்துள்ள இன்றைய அளவு, ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு. ஆனால் நம் நாட்டு மருந்துக்கடைகளில், பல மடங்கு சர்க்கரை கலந்த பழச்சுவைப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்னும் எழுத்துகளைப் பெயரில் தாங்கி ஆண்டுக்கணக்கில் விற்கப்பட்டன. ஐதராபாத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைநல மருத்துவர் எட்டு ஆண்டுகள் தனித்துப் போராடினார். 2022இல் சிறிய எச்சரிக்கை வாசகத்தோடு அந்தப் பெயரை அனுமதித்த உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2025 அக்டோபரில் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. காப்புரிமை இல்லாத மருந்தின் பெயரை மட்டும் திருடிச் சம்பாதித்தார்கள்.

இரண்டாம் சவால், ஏகாதிபத்தியத்தின் பின்வாங்கல். தன் தேவைக்காக ஆய்வுக்குப் பணம் கொடுத்த அமெரிக்கா, 2025இல் தன் வெளிநாட்டு உதவி அமைப்பையே மூடியது. தடுப்பூசிக்கான ‘காவி’ கூட்டமைப்புக்கு நிதியை நிறுத்துவதாக அறிவித்தது. டாக்காவில் அந்தப் பழைய ஆராய்ச்சிக் கூடத்தின் வழிவந்த நிறுவனத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். பிறர் தயவில் நிற்கும் குழந்தைநலம் ஒரு கையெழுத்தில் சரிந்துவிடும். காசாவிலோ நீர்நிலையங்களையே குண்டுவீசித் தகர்த்தனர். 25 ஆண்டுகளுக்குப் பின் அங்கே இளம்பிள்ளை வாதம் 2024இல் திரும்பி வந்து ஒரு பச்சிளங்குழந்தையை முடக்கியது.

மூன்றாம் சவால் நம் நாட்டினுடையது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். பெற்றவர்கள் 60.6 சதவீதம். இக்கரைசலை முகாமில் மெய்ப்பித்துக் காட்டிய நாட்டில், அரை நூற்றாண்டுக்குப் பின்னும், பத்துக் குழந்தைகளில் நால்வருக்கு அது கிடைக்கவில்லை.

நான்காமவரின் உரிமை

மீண்டும் அந்த நான்காமவரிடம் வருகிறேன். பன்காவில் அவர் தாய். வங்கதேசத்துக் கிராமங்களில் வீடு வீடாக நடந்த பெண். இன்று நம் நாட்டில் அங்கன்வாடி ஊழியரும் ஆஷா பணியாளரும். ஏறத்தாழ பத்து லட்சம் ஆஷா பணியாளர்கள் பொட்டலத்தையும் துத்தநாக மாத்திரையையும் ஏழைகளின் வாசலுக்குக் கொண்டு செல்கின்றனர். 2022இல் உலக நலவாழ்வு நிறுவனம் அவர்களைப் பாராட்டி விருது அளித்தது. ஆனால் நம் அரசின் ஏட்டில் அவர்கள் தொழிலாளர்கள் அல்லர், ‘தன்னார்வலர்கள்’. பெறுவது ஊதியமன்று, ஊக்கத்தொகை. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்றும் நிறைவேறவில்லை.

ஆகவே தோழர்களே, இந்த வகுப்பிலிருந்து நாம் எடுத்துச் செல்ல வேண்டிய பணிகள் சில. நம் கிளை இயங்கும் குடியிருப்புகளில், மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பொட்டலம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் சமமாக வழித்த ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்னும் அளவைக் கற்பியுங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழந்தை குடிக்க இயலாமல் துவண்டாலோ மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதமின்றி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். அதே தெருக்களில் குடிநீர்க் குழாய்க்கும் வடிகாலுக்கும் கையெழுத்து வாங்குங்கள். ஆஷா, அங்கன்வாடித் தோழியர் போராட்டத்துக்கு அழைக்கும்போது, ஆதரவு அறிக்கையோடு நில்லாமல் அவர்களோடு போய் அமருங்கள்.

என் அம்மாவிடம் இந்த வரலாற்றை ஒருமுறை முழுதாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப அவன் கேட்டது சரிதானேடா?” என்றார். சரிதான் அம்மா என்றேன். அந்தச் சரியான விடையை ஒரு தாயும் காலம் கடந்து கேட்கக்கூடாது. அதற்கு நம்மால் இயன்றதைச் செய்வோம்.